பிள்ளைகளுக்கு மண்ணைக் காட்டுதலும் வழிபாடே

சைவ நன்மக்கள் வணங்கும் பரம்பொருள் ஆலயக் கருவறையில் மட்டும் எழுந்தருளியிருப்பதன்று. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், சூரியன், சந்திரன், ஆன்மா ஆகிய எட்டும் சிவபெருமானின் திருமேனி என்பது சைவ சமயத்தின் துணிபு. அதனாலேயே அப்பெருமானுக்கு அட்டமூர்த்தி என்னும் திருநாமம் உண்டாயிற்று. காஞ்சியிலே நிலமாகவும், திருவானைக்காவிலே நீராகவும், தில்லையிலே ஆகாயமாகவும் அவர் வழிபடப்படுகின்றார். அம்பிகையின் திருநாமமாகிய மாரி என்பதற்கும் மழை என்றே பொருள். பிள்ளைக்குக் கைகூப்பக் கற்பிக்கும் பெற்றோர், அப்பிள்ளை மிதித்து நிற்கும் மண்ணையும் குடிக்கும் நீரையும் உண்ணும் அன்னத்தையும் அறியச் செய்யாவிடில், அந்தச் சமயக் கல்வி பாதியிலேயே நின்றுவிடும்.

மாத்தளை மாவட்டத்து அடியார்களுக்கு இது புதிய செய்தியன்று. மாத்தளை நகரில் விளங்கும் அருள்மிகு முத்துமாரியம்மன் ஆலயம் அமைந்த நிலம் முன்னாளில் நெல்வயலாக இருந்தது. 1874ஆம் ஆண்டில் அங்கே கோயில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கி, காட்டுப் பாதை வழியே மாத்தளைக்கு நடந்து வந்த மலையகத் தமிழரின் முன்னோர், கொள்ளை நோய்க்கும் பசிக்கும் பலரைப் பலிகொடுத்தனர். மிஞ்சியோர் மாரியம்மனை நெஞ்சிலே சுமந்து வந்தனர். உழவு அறிந்த அவர்களின் கைகளே இம்மலைகளைத் தோட்டங்களாக்கின.

நிலத்தை அறிந்திருத்தல் எவ்வளவு பெரிய செல்வம் என்பதைப் பெரியபுராணத்தில் வரும் இளையான்குடி மாறநாயனார் வரலாறு உணர்த்துகின்றது. வேளாண்மையால் செல்வராக வாழ்ந்து அடியார்களுக்கு அமுதளித்து வந்த நாயனாரை இறைவன் வறுமையில் ஆழ்த்தினார். மழை கொட்டும் ஓர் இரவிலே பசியோடு ஓர் அடியார் வந்தார். வீட்டிலே ஒரு பிடி அரிசியும் இல்லை. அன்று பகலில் வயலிலே விதைத்த முளைநெல்லை வாரிவந்தால் அமுது ஆக்கலாம் என்று மனைவியார் கூறினார். நாயனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாத இருளிலே காலால் தடவித் தடவி வயலை அடைந்து, நீரிலே ஒதுங்கிக் கிடந்த முளைநெல்லைக் கையால் கூட்டி வாரிவந்தார். விறகும் இல்லாமையால் கூரை மரத்தை வெட்டிக் கொடுத்தார். கறிக்குக் கொல்லையிலே முளைத்திருந்த இளங்கீரையைப் பறித்து வந்தார். அமுது ஆனபின் வந்த அடியார் சோதியாய்த் தோன்றினார், அவர் சிவபெருமானே.

அந்த இருளிலே நாயனாருக்கு வழிகாட்டியது விளக்கன்று. அவருடைய பாதங்கள் அந்த நிலத்தை அறிந்திருந்தன. விதை எங்கே, எப்போது விழுந்தது என்பதை மனைவியாரும் அறிந்திருந்தார். பக்தி இருவருக்கும் உள்ளத்தைத் தந்தது. அந்த உள்ளம் தொண்டாக மலர்வதற்கு மண்ணின் அறிவு துணை செய்தது. இன்றைய பிள்ளைகளின் பாதங்கள் எந்த நிலத்தை அறிந்திருக்கின்றன என்பதைப் பெற்றோர் சிந்தித்தல் வேண்டும்.

போயா விடுமுறையிலும் திருவிழாக் காலத்திலும் குடும்பத்தோடு வேன் பிடித்துச் சிகிரியாவுக்கும் ரிவஸ்டனுக்கும் போய்வருவது இக்காலத்து வழக்கம். அது நல்லதே. ஆனால் படம் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்து உண்டு, வெறும் பொலித்தீனை அங்கேயே விட்டுத் திரும்புவதோடு பயணம் முடிந்துவிடலாகாது. வழியிலே ஒரு வயலோரத்தில் வேனை நிறுத்துங்கள். மாசிமகம் வரும் காலம் பெரும்போக நெல் அறுவடையாகும் காலம். உழவர் தமிழராயினும் சிங்களவராயினும் முஸ்லிமாயினும், பிள்ளையை வணக்கம் சொல்லச் செய்து, அனுமதி கேட்டு வரம்பிலே நடக்க விடுங்கள். "ஐயா, இந்த நெல் விளைய எத்தனை மாதம் சென்றது?" என்று பிள்ளையே கேட்கட்டும். அந்தப் பதிலைக் கேட்ட பிள்ளை கோயில் அன்னதானத்தில் சோற்றை மிச்சம் வைக்கக் கூசும்.

கோயிற் பொருள்கள் பலவும் இம்மாவட்டத்து மண்ணிலே விளைகின்றன. வெற்றிலைக் கொடியையும் மிளகுக் கொடியையும் அருகருகே காட்டினால், இரண்டும் ஒரே குடும்பம் என்பதைப் பிள்ளை இலையைப் பார்த்தே சொல்லிவிடும். கராம்பு என்பது மலருமுன் பறித்து உலர்த்திய மொட்டு. சாதிக்காயைப் பிளந்தால் கொட்டையைச் சுற்றிச் சிவந்த வலைபோல் இருப்பது சாதிபத்திரி. கொக்கோக் காய் கிளை நுனியில் அல்லாது அடிமரத்திலேயே காய்க்கும். மிளகுக் கொடி படரும் கிளிசிரியா மரம் கொடிக்குக் கொழுகொம்பு. அதன் இலையோ மண்ணுக்குப் பசளை. ஒன்றையொன்று தாங்கி வாழும் இந்த முறைமையைக் கண்ணால் காணும் பிள்ளைக்குத் தொண்டு என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

நீரையும் அவ்வாறே காட்டுதல் வேண்டும். பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வந்து, மின்சாரம் தந்து, சுது கங்கையிலே கலக்கின்றது. பின்னர் அம்பன் கங்கை வழியாகப் போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, வறண்ட பிரதேசத்து வயல்களுக்குப் போகின்றது. மாத்தளைப் பிள்ளை ஆற்றிலே எறியும் ஒரு பை, எங்கோ ஓர் உழவரின் வாய்க்காலை அடைக்கக்கூடும். தீர்த்தம் என்று தலையிலே தெளித்துக்கொள்ளும் நீருக்குச் செய்ய வேண்டிய மரியாதை இங்கேயே தொடங்குகின்றது.

"நாங்கள் இந்த மண்ணிலே பட்ட பாடு போதும், பிள்ளையாவது படித்து உத்தியோகம் பார்க்கட்டும்" என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் கூறுவர். அந்தச் சொல்லிலே தலைமுறைகளின் கண்ணீர் இருக்கின்றது. பிறருடைய நிலத்திலே கொழுந்து பறித்து, லயத்து அறையிலே வாழ்ந்தவர்கள் மண்வேலையை விட்டுப் பிள்ளை விலக வேண்டும் என விரும்புவதில் குற்றமில்லை. ஆயினும் மண்ணை அறிவது வேறு. மண்ணுக்கு அடிமையாவது வேறு. தாயின் கையிலுள்ள கொழுந்துக் கறையைக் கண்டு நாணும் பிள்ளை எவ்வளவு படித்தாலும் அந்தக் கல்வி குறைவுடையதே. வைத்தியராகவோ ஆசிரியராகவோ உயரும் பிள்ளை, அந்தக் கை தந்த சோற்றை மதிக்கக் கற்றிருந்தால் அதுவே பெற்றோருக்குக் கிடைக்கும் பேறு.

அண்மைக் காலம் இதனை நன்கு உணர்த்தியது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் குன்றியது. 2022இன் நெருக்கடியிலே அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமை விடுமுறையும் அளிக்கப்பட்டது. அந்நாளிலே வாசலோரத்தில் கீரையும் மரவள்ளியும் நட்டிருந்த வீட்டிலே அடுப்பு எரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலே மாத்தளை உள்ளிட்ட மலை மாவட்டங்கள் மண்சரிவால் துயருற்றன. மரம் வேரோடி மண்ணைப் பிடித்திருப்பதையும், மழைநீர் ஓடும் வழியை மறிக்கலாகாது என்பதையும் சரிவிலே வாழும் பிள்ளை சிறுவயதிலேயே அறிதல் உயிர்காக்கும் கல்வியாகும்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு வரும் பாட்டன் பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்து ஒருநாள் தோட்டத்துப் பாதையிலே நடப்பாராக. தாம் நட்ட பலாவையும் தண்ணீர் மொண்ட பீலியையும் காட்டுவாராக. வீடு திரும்பியபின் ஒரு பழைய வாளியிலேனும் ஒரு மிளகாய்க் கன்றைப் பிள்ளையின் கையாலேயே நடச்செய்யுங்கள். முதற்காய் அம்பாளின் சந்நிதிக்கு வரட்டும். கடையிலே வாங்கிய பெரிய பழத்தட்டைவிட, தன் கையால் நீரூற்றி வளர்த்த அந்த ஒரு காயோடு நிற்கும் குழந்தையை அன்னை உவந்து ஏற்பாள் என்பதில் ஐயமில்லை. அவள் திருவருள் எல்லாக் குடும்பங்களுக்கும் மழைபோல் பொழிவதாக.

சுபம்.