நேற்றைய சாட்சியம்

ஒருவரைப் புகழ்ந்து நாம் எழுதிக் கொடுக்கும் நாலு வரியும் சாட்சியமே. நாம் அதை மறந்துவிடலாம். அது நம் பெயரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய்ப் பேசிக்கொண்டிருக்கும். அன்று உண்மையாய் இருந்த சொல் இன்று உண்மையல்ல என்று தெரிய வந்தால், சொன்னவன் என்ன செய்ய வேண்டும்? சென்ற ஆண்டு இந்தக் கேள்விக்கு நான் விடை தேட நேர்ந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதி செட்டிநாட்டைச் சேர்ந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் பொருள் ஈட்டிய நகரத்தார் பெருமக்கள் எழுப்பிய மாளிகைகள் அங்கே தெருத்தெருவாய் நிற்கின்றன. பர்மாத் தேக்கில் தூண்கள். முட்டையின் வெண்கரு கலந்த சுண்ணாம்பு பூசி மெருகேற்றிய சுவர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைகள். 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், 1948-இல் விடுதலை பெற்ற பர்மா கொண்டுவந்த நிலச் சட்டங்களும் அந்தச் செல்வத்தின் வேரை அறுத்தன. ரங்கூனில் கடை வைத்திருந்த நம்மவர் பலரும் அதே காலத்தில் வெறுங்கையோடு கரை திரும்பியவர்களே. ஆகவே அம்மாளிகைகளின் கதை நமக்கு அயலார் கதையன்று.

பங்காளிகள் பலராகிப் பராமரிக்க வழியற்றுப்போன வீடுகள் சில இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. அத்தகைய ஒரு விடுதியில், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் இரண்டு இரவுகள் தங்கினோம்.

அந்த இரண்டு நாள்களை நான் மறந்ததில்லை. வைகறையில் எழுந்தபோது மூதாட்டி ஒருவர் வளவின் தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தொழுகைக்கு இடம் கேட்குமுன்பே வெளுத்த விரிப்பு ஒன்று வந்தது. மேற்குத் திசையையும் காட்டினார்கள். பகல் உணவின்போது சமையற்காரர் தாமாகவே அருகில் வந்து, “கறி பாய் கடையில் வாங்கியதுதான் ஐயா, தயங்காமல் சாப்பிடுங்கள்” என்றார். கேளாமலே நம் மனத்தை அறிந்த அச்சொல்லுக்கு எந்த வாடகையும் ஈடாகாது. புறப்படும்போது வருகைப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறையப் புகழ்ந்து எழுதிக் கையொப்பமிட்டேன்.

சென்ற ஆண்டு மகளையும் மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் சென்றேன். வழியெல்லாம் நான் அவ்விடுதியின் பெருமையே பேசிக்கொண்டு வந்தேன். போய்ச் சேர்ந்ததும் என் பேச்சு நின்றது. படுக்கை விரிப்பில் ஈர வாடை. குளியலறைக் குழாய் இரவு முழுதும் சொட்டியது. உடைந்த தரைக்கல்லின் இடத்தில் சிமெண்டுப் பூச்சு. வாடகையோ முன்னினும் மும்மடங்கு. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உணவு மேசையில், “கறி எங்கே வாங்கியது தம்பி?” என்று கேட்டபோது, பரிமாறிய இளைஞன், “தெரியாது சார்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அப்போதுதான் மனம் உடைந்தது. பிள்ளைகள் சோறும் தயிருமாய் உண்டு எழுந்தார்கள்.

மறுநாள் காலை மேலாளர் என் பெயரைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு ஓடி வந்தார். முகப்புக் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பழைய கையெழுத்து தொங்கியது. “இதைப் படித்துவிட்டு அறை எடுத்தவர்கள் எத்தனையோ பேர் ஐயா!” என்றார்.

வாசக அன்பர்களே, என் நிலையை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கே எதிராயினும் உண்மைக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று திருமறை பணிக்கிறது. இங்கே என் சாட்சியமே என்னை அறியாமல் பிறரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. வீடு திரும்பி நாலு பேரிடம் குறை சொல்லலாம் என்றால், இல்லாத ஒருவரின் உண்மையான குறையைப் பேசுவதே புறம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். பிறருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்க எச்சரிப்பதை இமாம் நவவி (ரஹ்) போன்ற அறிஞர்கள் இதிலிருந்து விலக்கியிருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் மனக்கசப்பைத் தீர்த்துக்கொள்வதற்கு எச்சரிக்கை என்று பெயர் சூட்டிக்கொள்வது எளிது.

அளவையில் மோசம் செய்வோரைப் பற்றிய இறைவசனங்கள் அப்போது நினைவுக்கு வந்தன. தாம் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை அவை கண்டிக்கின்றன. பழம்பெருமைக்கு இன்றைய விலை வாங்கிக்கொண்டு, இன்றைய உழைப்பைக் குறைத்துத் தரும் விடுதி அந்தக் கண்டனத்துக்கு உரியதே. ஆனால் என் கையிலிருந்த படி மட்டும் சரியானதா? “அத்தா, நீங்கள் சொன்னதில் பாதியைக் குறைத்துக்கொண்டுதான் நான் வந்தேன்” என்று மகள் சிரித்தாள். என் துணைவி இப்போது உயிருடன் இல்லை. அவளோடு கழிந்த அந்த இரண்டு நாள்களின் இனிமையையும் சேர்த்து விடுதியின் கணக்கில் வரவு வைத்திருந்தேன் போலும். அதைத் திருப்பித் தர எந்த மேலாளரால் இயலும்?

ஆனாலும் ஈரவாடை என் கற்பனையன்று. இரண்டையும் பிரித்து அளந்த பிறகு மேலாளரைத் தனியே அழைத்தேன். விரிப்பையும் குழாயையும் தரையையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்; கறியைப் பற்றிய விடையையும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. 2020-இன் பெருந்தொற்றில் விடுதி மூடிக் கிடந்தபோது பழைய சமையற்காரர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை என்றார். தரை துடைத்த மூதாட்டி காலமாகிவிட்டார். ஆத்தங்குடிக் கல் துடைக்கத் துடைக்க மெருகேறும். துடைக்கும் கை போனால் மங்கும். நான் மாளிகையின் அழகு என்று எழுதியது அந்த மூதாட்டியின் அன்றாட உழைப்பை.

பதினான்காம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பயணம் செய்த இப்னு பதூதா, வழிநெடுகிலும் இருந்த தங்குமிடங்களைப் பற்றிச் சொல்லும்போது, அங்கிருந்த கிணற்றையும், வருவோர்க்குத் தண்ணீர் கொடுக்க அமர்த்தப்பட்டிருந்த ஆளையும் மறவாமல் குறித்திருக்கிறார். மரத்தால் ஆன எளிய கொட்டகைகள்தாம் அவை.

வீழ்ந்த விடுதி மீளாது என்பதும் இல்லை. ரங்கூனில் 1901-இல் திறக்கப்பட்ட ஸ்ட்ராண்டு ஓட்டல், 1960-களில் அரசுடைமையான பின் பொலிவிழந்து கிடந்து, 1990-களில் மீண்டும் சீரமைக்கப்பட்டது. குறையை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் இது நிகழாது.

சட்டத்தைக் கழற்றித் தரும்படி கேட்டேன். பழைய வரிகளை அடிக்கவில்லை. அவை அன்றைக்கு உண்மை. அவற்றின் கீழே தேதியிட்டு, “மீண்டும் வந்தேன். மேலே எழுதியவற்றில் பல இப்போது இல்லை. மேலாளரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். வருவோர் கேட்டறிந்து தங்குக” என்று எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“இதை மறுபடியும் மாட்டினால் வருகிறவர்கள் தயங்குவார்களே, ஐயா?”

“மேலே உள்ளதை மட்டும் மாட்ட எனக்குச் சம்மதமில்லை. இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள், அல்லது இரண்டையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்” என்றேன்.

நாங்கள் புறப்பட்டபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அவ்விடுதியின் பெயரை இக்கட்டுரையில் நான் குறிப்பிடாததன் காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது. இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு மறுபடியும் அங்கே செல்வதாக இருக்கிறேன். இம்முறை வழியில் எதையும் புகழாமல்.