கோலொடு கேட்டல்: நில எடுப்பில் இசைவின் அறம்

முன்னுரை

பொதுநோக்கத்தின் பொருட்டுத் தனியார் நிலத்தை உடையவர் விரும்பாவிடினும் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் இன்றைய அரசுகளுக்கு உண்டு. இழப்பீடு வழங்கிய அளவில் அவ்வெடுப்பு அறமாகிவிடுமா, அன்றி அங்கு வாழ்வோரின் இசைவும் வேண்டுமா என்பது சட்ட வினா மட்டுமன்று; அறவினாவும் ஆகும். கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், கோலேந்திய மன்னன் குடிகளிடம் பொருள் வேண்டுவதை வேலேந்திய வழிப்பறிப்போனின் செயலுக்கு ஒப்பிடுகிறார். ஈண்டு அவர் இடித்துரைப்பது பறித்தலை அன்று, கேட்டலையே என்பது நோக்கத்தக்கது. மறுக்க இயலாதவரிடம் கேட்பது கேட்பதாகாது என்பது இதன் உட்கிடை.

கலந்தாலோசனையும் இசைவும்

1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் 1923ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமையாளரின் மறுப்புரையைக் கேட்க வழிசெய்தது. ஆயினும் அவசரம் என அரசு கருதியபோது அவ்வழியும் அடைபட்டது. பழங்குடியினர் வாழும் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கென 1996இல் இயற்றப்பெற்ற ஊராட்சி விரிவாக்கச் சட்டம், நில எடுப்பிற்கு முன் கிராம சபையையோ உரிய நிலையிலான ஊராட்சியையோ கலந்தாலோசிக்குமாறு பணித்தது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமோ அப்பகுதிகளில் முன்னிசைவையே வேண்டிற்று. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. கலந்தாலோசனையில் மறுப்பு ஒரு கருத்து. இசைவில் மறுப்பு ஒரு முடிவு.

நியம்கிரி

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டுவது பற்றிய வழக்கு, நில எடுப்பு வழக்கன்று, வனநிலம் பற்றியது. எனினும் இவ்வறவினாவே அங்கும் எழுந்தது. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அம்மலை நியமராசன் உறையும் இடம். அவர்தம் சமய உரிமைகளைக் கிராம சபைகளே ஆராய்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18இல் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் மறுத்தன. 2014 சனவரியில் நடுவண் அரசு அனுமதி மறுத்தது. கேட்கப்பட்ட வினாவிற்கு 'இல்லை' என்பதும் ஒரு விடையாக ஏற்கப்பெற்றமையே இதன் சிறப்பு.

ஒரு தடை

ஒரு சிற்றூரின் மறுப்பு பலர்க்குப் பயன்படும் அணையையோ சாலையையோ தடுக்கலாமா எனக் கேட்கலாம். இக்கேள்வி புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் பலர் நலன் என்பதை நலன் பெறுவோர் மட்டுமே வரையறுப்பின் அது பொதுநோக்கமாகாது. மேலும், வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆதலின், பட்டா இல்லாத உழவுத் தொழிலாளியும் ஆங்கே பேசலாம். நிலத்தின் விலை அவரை எண்ணாது, அவை எண்ணும்.

முடிவுரை

உள்ளாட்சி அரசின் உறுப்பாகவும் ஊரின் குரலாகவும் நிற்பது. அதன் பொருட்டு வழக்காடுவோர்க்கு இவ்விரட்டை நிலையே கடினமான அறச்சோதனை. தீர்மான ஏட்டில் கையொப்பங்கள் நிறைந்தமையால் மட்டும் இசைவு மெய்யாகிவிடாது. மறுத்திருப்பின் அம்மறுப்பு நின்றிருக்குமா என்பதே உரைகல். இழப்பீடு இழந்த பொருளுக்கு ஈடாகலாம், கேட்கப்படாமைக்கு ஈடாகாது.