பேறு பெற்றவர் பேதையான கதை

சில நாட்களுக்கு முன் எங்கள் வீட்டு வாயிலில் ஒருவர் வந்து நின்றார். மனைவி மருத்துவமனையில் இருப்பதாகவும், ஊர் திரும்பக் கையில் பணம் இல்லை என்றும் கூறினார். என் அன்னையார் மேற்கொண்டு ஒன்றும் வினவாமல் 200 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார். மாலையில் பள்ளியிலிருந்து திரும்பிய என் மகன் செய்தியைக் கேட்டதும், "நீ ரொம்ப சில்லி, பாட்டி!" என்றான். ஆங்கிலம் அறியாத அன்னையார் அதனை ஏதோ கொஞ்சுமொழி என்று எண்ணி மகிழ்ந்தார். நானும் சிரித்தேன்.

இரவில் அகராதியைப் புரட்டியபோது, அவர் மகிழ்ந்ததில் பிழை ஏதும் இல்லை என்று கண்டேன். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் முன்வடிவத்திற்கு 'இன்புற்ற', 'பேறு பெற்ற' என்பனவே பொருள். அதனோடு உடன்பிறந்த ஜெர்மன் சொல் இன்றும் இறையருள் பெற்றோரையே குறிக்கின்றது. ஆங்கிலத்தில்தான் அது படிப்படியாக இறங்கியது. அருள் பெற்றவர் கள்ளமற்றவர் ஆனார். கள்ளமற்றவர் தம்மைக் காத்துக்கொள்ள அறியாத எளியவர் ஆனார். எளியவர் இரங்கத்தக்கவர் ஆனார். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் அறிவிலியாகவே ஆகிவிட்டார். கிரிக்கெட்டில் மட்டையாளருக்கு மிக அருகே, அடிபடும் இடத்தில் நிற்பவரின் நிலைக்கு 'சில்லி பாயிண்ட்' என்று பெயர் வைத்ததும் இக்கடைசிப் பொருள் பற்றியே.

மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்தச் செய்யவில்லையா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நாற்றம் வீழ்ந்ததால் மலருக்கு ஒரு குறையும் வரவில்லை. 'மணம்' என்னும் சொல் அவ்விடத்திற்கு வந்துவிட்டது. இங்கே வீழ்ந்தது மனிதப் பண்பு ஒன்றின் பெயர் அல்லவா?

14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், மில்லர் கூறுவதாக அமைத்த கதையில், ஒரு முதிய தச்சனை இச்சொல்லால் மீண்டும் மீண்டும் சுட்டுகிறார். அவன் இளம் மனைவியின்மேல் கண்வைத்த மாணவன் ஒருவன், நோவா காலத்து வெள்ளம் மறுபடியும் வரப்போகிறது என்று கதைகட்டுகிறான். தச்சன் நம்பிவிடுகிறான். முதலில் அவன் அஞ்சுவது மனைவி மூழ்கிவிடுவாளே என்றுதான். கூரையில் தொட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் உறங்கி, இறுதியில் விழுந்து கையை முறித்துக்கொள்கிறான். ஊரார் கூடி நகைப்பது அவனைப் பார்த்தே. ஏய்த்தவனை எவரும் ஏசவில்லை. சொல் வீழ்ந்த வழி எனக்கு இங்கேதான் விளங்கிற்று. ஏமாற்றியவனிடம் கேட்க வேண்டிய கணக்கை, உலகம் ஏமாந்தவனிடம் கேட்கத் தொடங்கியது.

தமிழிலும் 'மடம்' அறியாமையைக் குறிக்கும் சொல்தான். ஆயினும் நம் முன்னோர் அதனைக் கொடையோடு சேர்த்துக் 'கொடைமடம்' என்று புகழ்ச்சொல்லாக்கினர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பாடிய பரணர், அவன் கொடுப்பதில் மடம் படுவானேயன்றிப் படைநடத்துவதில் மடம் படான் என்கிறார். ஆராயத் தெரிந்தவன்தான்; ஓரிடத்தில் ஆராய மறுத்தான். (அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்ததும், புலவர்கள் அவளுக்காக அவனிடம் இரந்ததும் புறநானூற்றில் உண்டு. கொடையில் பெரியவன் எல்லாவற்றிலும் பெரியவன் அல்லன்.)

வாயிலில் வந்து நிற்பவரை எல்லாம் நம்பிவிடலாமா? பெருநகரில் குடியேறி வாழும் நாம் பிள்ளைகளுக்கு எச்சரிக்கையைக் கற்பித்தே ஆகவேண்டும்; நானும் கற்பிக்கிறேன். அந்த எச்சரிக்கையோடு சேர்த்து, பாட்டியைப் பார்த்து நகைக்கவும் கற்பித்துவிட்டேனோ என்பதே என் ஐயம்.

மறுநாள் மகனை அழைத்து அச்சொல்லின் பழைய பொருளைக் கூறினேன். வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தவன், "அப்படியானால் அந்த ஆள் சொன்னது உண்மையா, அப்பா?" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். பாட்டியிடம் ஓடிப்போய்க் கேட்டான். அவர், "அவன் ரயில் ஏறினானோ இல்லையோ, பாவம்" என்றார்.