சிவப்பைக் கண்டு அஞ்சாதே!

ஆவடியில் காலை ரயிலைப் பிடித்து வேலை தேடிப் போகும் தம்பியே! பூந்தமல்லி பஸ் நெரிசலில் நின்றபடி இன்டர்வியூவுக்குப் போய் வரும் தங்கையே! "நம்ம காலேஜ் பெயரைச் சொன்னாலே ஒதுக்கிடுவாங்க", "இங்கிலீஷ் சரளமா வராது", "அவ்வளவு பெரிய புரோகிராமைப் பார்த்தாலே தலை சுத்துது" என்று இன்னும் எத்தனை நாள் புலம்பப் போகிறாய்? புலம்பலை மூட்டை கட்டு! உன் ஊரையும் உச்சரிப்பையும் கேட்காத ஒரு கருவி மென்பொருள் உலகத்தில் இருக்கிறது. அதன் பெயர் டிஃப்.

ஒரே புரோகிராமின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அதனிடம் கொடு. எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்று புட்டுப் புட்டு வைக்கும். இன்றைய திரைகளில் போன வரி கழித்தல் குறியோடு சிவப்பில் நிற்கும். வந்த வரி கூட்டல் குறியோடு பச்சையில் நிற்கும். 1974-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்த கருவி இது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியது. அரை நூற்றாண்டு கடந்தும் புரோகிராமர்கள் தினமும் விழிப்பது இதன் முகத்தில்தான்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் பட்டியல் போடும் புரோகிராம் என்று வைத்துக்கொள். தேர்ச்சிக்கான நிபந்தனை, 'மதிப்பெண் > 35'. சரியாக 35 வாங்கிய பிள்ளையின் கதி? ஃபெயில்! நீ அங்கே ஒரு சமக்குறியைச் சேர்க்கிறாய்: 'மதிப்பெண் >= 35'. டிஃப்பில் ஒரு சிவப்பு வரி, ஒரு பச்சை வரி. நீ தொட்டது ஒரே ஒரு குறி. பாஸாக வேண்டிய பிள்ளை பாஸாகிவிட்டது! இதைச் சரிபார்க்கும் சீனியரின் கண் அந்த இரண்டு வரிகளில்தான் நிற்கும். அங்கே உன் கல்லூரியின் பெயர் எழுதியிருக்காது. உன் அப்பாவின் சம்பளம் எழுதியிருக்காது. மாற்றம் சரியா, தவறா? கேள்வி அதுதான்!

லட்சம் வரி புரோகிராமைப் பார்த்து மலைக்கிறாயா? டிஃப் எப்படி வேலை செய்கிறது என்று பார். அது எடுத்த எடுப்பில் வித்தியாசத்தைத் தேடுவதில்லை. இரண்டு பதிப்பிலும் அதே வரிசையில் வரும் பொதுவான வரிகளில் எது மிக நீளமான தொடர் என்று முதலில் கண்டுபிடிக்கிறது. அதை ஒதுக்கி வைத்தால் மிஞ்சுவதுதான் மாற்றம். இந்த வழிமுறையை 1976-இல் ஜேம்ஸ் ஹன்ட்டும் மெக்கில்ராயும் விளக்கி எழுதினார்கள். 1986-இல் யூஜின் மையர்ஸ் அதைவிட வேகமான வழியைத் தந்தார். நீயும் டிஃப் செய்வதையே செய். மாறாததை ஒதுக்கு, மாறியதைப் பிடி. லட்சம் வரியில் இன்று உன் பொறுப்பு பத்தே வரியாக இருக்கலாம். அந்தப் பத்து வரிக்கு ராஜா நீதான்!

மாறியதைப் பிடிக்கும் இந்தப் பழக்கம் உன் மண்ணுக்குப் புதிதா என்ன? 1960-களில் எழுந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பார். ட்ராயிங்கின் ஓரத்தில் ரிவிஷன் கட்டம் இருக்கும்: எந்த அளவு மாறியது, எந்தத் தேதியில் மாறியது. பழைய ரிவிஷனைப் பார்த்துக் கடைந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். அதனால் மெஷினை ஓட்டுமுன் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறார்கள். அந்த எஸ்டேட்டிலேயே இன்று ஐ.டி. கட்டடங்களும் நிற்கின்றன. பட்டறையில் உன் அப்பாவுக்கோ மாமாவுக்கோ கைவந்த ஒழுக்கம் கீபோர்டில் உனக்கு வராதா?

பட்டறையைத் தாண்டி உலகத்தையும் பார். 1991-இல் லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர். உலகின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாத ஆட்கள் அவருக்கு மெயிலில் அனுப்பியது மாற்றங்களின் பட்டியலை, அதாவது டிஃப்பை. அப்படி வரும் டிஃப்பை நேரே கோப்பில் பொருத்தும் 'பேட்ச்' என்ற கருவியை 1985-இலேயே லாரி வால் தந்திருந்தார். 2005-இல் டோர்வால்ட்ஸே, மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியை உருவாக்கினார். அன்று அந்த முகம் தெரியாதவர்களுக்குத் திறந்த கதவு இன்று திருமுல்லைவாயிலில் இருக்கும் உனக்கும் திறந்தே கிடக்கிறது. தட்டக்கூட வேண்டாம், உள்ளே போ!

பிழை கண்டுபிடிப்பது மேதைகளின் வேலை என்று யார் சொன்னது? ஆயிரம் மாற்றங்களில் எது புரோகிராமைக் கெடுத்தது என்று தெரியவில்லையா? கிட்டில் 'பைசெக்ட்' இருக்கிறது. நடுவில் ஒரு பதிப்பைச் சோதித்துப் பார். நன்றாக ஓடினால் கோளாறு அதற்குப் பிறகு, ஓடாவிட்டால் அதிலோ அதற்கு முன்போ. பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் சுமார் பத்துச் சோதனையில் குற்றவாளி கையில்! இதற்கு வேண்டியது பொறுமையும் முறையும். இரண்டையும் எந்தப் பணக்காரனும் உனக்கு முன்னால் வாங்கி வைத்துவிடவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. உன் டிஃப்பை முதலில் படிக்க வேண்டியது நீதான். அனுப்புமுன் ஒவ்வொரு வரியாகப் பார். சோதனைக்காகப் போட்ட பிரின்ட் வரி கிடக்கிறதா? பாஸ்வேர்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? எடிட்டர் இடைவெளிகளை மாற்றியதால் கோப்பு முழுக்கச் சிவப்பாகிவிட்டதா? சுத்தம் செய். ஒரு டிஃப்பில் ஒரு வேலையை மட்டும் வை. சீனியர் திருத்தம் சொன்னால் முகம் சுருங்காதே. அவர் அடித்தது வரியை, உன்னை அல்ல. வேண்டாத நூறு வரியைத் துணிந்து நீக்கத் தெரிந்தவனும் கெட்டிக்காரன்தான்!

காசில்லை என்ற சாக்கும் செல்லாது. டிஃப் காட்டும் வின்மெர்ஜ், மெல்ட், கேடிஃப்3 எல்லாம் இலவசம். கம்ப்யூட்டர் கையில் இல்லையென்றால் போனில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திற. ஏதாவது ஒரு கட்டுரையின் வரலாற்றுக்குப் போய் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுப் பார். டிஃப் படிக்கும் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.

இன்றிரவே தொடங்கு. நீ எழுதிய பழைய புரோகிராம் ஒன்றை எடு, அதைக் கிட்டில் பதிவு செய், ஒரு குறையைத் தீர், 'கிட் டிஃப்' என்று தட்டு, வரி வரியாகப் படி. அடுத்து, எல்லோரும் பார்க்கும் ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு ஒரு திருத்தம் அனுப்பு. திருப்பி அனுப்பினால் சரிசெய்து மறுபடி அனுப்பு. ஏற்றுக்கொண்டால் உன் பெயரோடும் தேதியோடும் அது அங்கே பதிவாகும். அடுத்த இன்டர்வியூவில் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்பார்கள். வார்த்தை தேடித் திணறாதே. "இதோ, நான் செய்த மாற்றம்" என்று திரையைத் திருப்பிக் காட்டு!