தாயைக் காண வராத மகன்



அமெரிக்காவிலிருக்கும் மகன், தாய் மரணப் படுக்கையில் கிடந்தும் ஊருக்கு வரவில்லை. அவன் நாலாங் கற்பனையை மீறினானா? அக்கரையில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டபடியால், இந்தக் கேள்வி துக்க வீடுகளில் அடிக்கடி எழும்புகிறது. பந்தல் பிரிக்கப்படுமுன்பே பதிலும் சொல்லிவிடுகிறார்கள், அதுதான் தொந்தரவு.

விசாக் காரியங்களில் குருவானவருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சங்கதி இன்னதென்று அறியாமல் இது பாவம், இது பாவமல்ல என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் முதலில் சங்கதியைப் பார்ப்போம்.

ஒருவன் முறைப்படி விசா வாங்கி அமெரிக்காவுக்குப் போகிறான். தவணை முடிந்தும் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகிறான். அது குற்றந்தான், அதைப் பூசி மெழுக வேண்டாம். பிற்பாடு அந்நாட்டுப் பிரஜையான ஒரு பெண்ணை மெய்யாகவே விவாகம் செய்து குடும்பம் நடத்துகிறான். முறைப்படி நுழைந்தவனானபடியால், தவணை கடந்திருந்தும், பிரஜையின் கணவன் என்ற வகையில் அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு மனுச் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது. மனு தீர்மானமாகப் பல மாதங்கள் செல்லும், சிலருக்கு வருஷங்களும் செல்லும். அந்த இடைக்காலத்தில்தான் ஊரிலிருந்து போன் வருகிறது: அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, புறப்பட்டு வா.

1996-ஆம் ஆண்டில் அங்கே ஏற்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல் தங்கியவன் நாட்டை விட்டுப் போனால் 3 வருஷம் திரும்பி நுழைய முடியாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கியவனுக்கு அந்தத் தடை 10 வருஷம். கவனியுங்கள், தங்கியிருக்கும்வரை இந்தத் தடை அவனைத் தொடுவதில்லை. புறப்பட்டுப் போனால்தான் பிடிக்கிறது. தன் எல்லையைக் காக்க ஒவ்வொரு தேசத்துக்கும் உரிமையுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வெளியே போகச் சொல்லுகிற சட்டமே, போகிறவனைத் தண்டித்து, போகாதவனை உள்ளே பூட்டி வைக்கிறது. இது நல்ல ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. தடையை நீக்கக் கேட்கலாம். ஆனால் பிரஜையோ நிரந்தர வாசியோ ஆன மனைவி அல்லது பெற்றோர் படும் கடுந்துன்பம்தான் அங்கே கணக்கு. குழந்தைகள் படும் துன்பம் தன்னளவில் கணக்கில் சேராது!

இன்னொரு வழியும் உண்டு. ‘அட்வான்ஸ் பரோல்’ என்று ஒரு முன் அனுமதிச் சீட்டு. அது இல்லாமல் இவன் புறப்பட்டால், கிரீன் கார்டு மனுவையே கைவிட்டதாக எண்ணப்படும். அதை வாங்கிக்கொண்டு போய்வருவது 10 வருஷத் தடைக்குக் காரணமான வெளியேற்றம் ஆகாதென்று, ஓர் இந்தியத் தம்பதியர் வழக்கில் 2012-ஆம் ஆண்டு அங்குள்ள குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் சீட்டு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அவசரம் என்று கேட்டாலும் கிடைப்பது நிச்சயமில்லை. கிடைத்தாலும், திரும்பும்போது விமான நிலைய அதிகாரி உள்ளே விட்டே தீரவேண்டும் என்பதுமில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். தாய் தகப்பனை அதிகம் நேசிப்பதா, மனைவியையா என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் ஓரிடத்தில் கேட்கிறார். ஒரே வார்த்தையில் பதில் சொல்லாமல் பிரித்துக் காட்டுகிறார்: சங்கை வகையில் பெற்றோர் முந்துகிறார்கள், ஒன்றிப்பு வகையில் மனைவி முந்துகிறாள். நம் காரியத்துக்கு இது பொருந்தும். தாய்க்கு மருந்தும் பணிவிடையும் குறைவில்லை, மகள் பக்கத்தில் இருக்கிறாள். குறைவதெல்லாம் மகனுடைய முகம். அது சிறிய குறை என்று எந்தத் தாயிடமும் நான் சொல்லமாட்டேன். ஆனால் மறுபுறத்தில் 3 வயதுக் குழந்தை. தகப்பன் திரும்பும்போது அதற்கு 13 வயதாகியிருக்கும். இந்த நிலையில் சீட்டுக்கு மனுச் செய்து, கிடைக்காமல், தினமும் போனில் தாயோடு பேசி அழுதவன் கற்பனையை மீறியவன் அல்ல.

தாய் ஒரு வருஷமாய்ப் படுக்கையில் கிடக்க, விசாரிக்கவும் மாட்டாமல், சீட்டுக்கு மனுவும் போடாமல் இருந்துவிட்டு, கடைசியில் சட்டத்தைச் சாக்காகக் காட்டுகிறவனும் உண்டு. அவன் கதை வேறு. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். தக்க ஆதாரமின்றிப் பிறர்மேல் குற்றம் நினைப்பது எட்டாங் கற்பனைக்கு விரோதம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோமே!

உறவினரில் சிலர், பொய்ச் சர்டிபிகேட் ஒன்று தயார் செய்து அனுப்பினால் சீட்டு சீக்கிரம் கிடைக்கும் என்று யோசனை சொல்லுகிறார்கள். பாவம் என்பது ஒருபுறமிருக்க, பொய் சொல்லி அனுமதி தேடினவன் என்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் தடைக்கு 10 வருஷம் என்ற கணக்குக்கூட இல்லை, ஆயுசுக்கும் நிற்கும்.

பெற்றோருக்கு வயது ஏறியிருந்தால், நோய் வரும்வரை காத்திராமல், கிரீன் கார்டு மனுவோடு கூடவே அந்தச் சீட்டுக்கும் மனுப் போட்டுவைக்கலாம். சீட்டு வந்தபின்பும், குடிவரவுச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கண்டு பேசாமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். நாடு கடத்தும் உத்தரவு பழையது ஏதும் இருந்தால் சீட்டிருந்தும் ஆபத்து. அடுத்த முறை போன் வரும்போது தாய்மாரே இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.