உடன்படுதலும் வினையே

இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட கொல்லாமைக்கு மூன்று வாயில்கள் உண்டு: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல். முதல் இரண்டில் விழிப்பாயிருக்கும் நாம், மூன்றாவதில் பெரும்பாலும் அயர்ந்துவிடுகிறோம்.

வில்லியனூரை அடுத்த இராமநாதபுரத்தில் ஜிப்மர் நிறுவனத்தின் கிராமப்புறச் சுகாதார மையம் உள்ளது. மருத்துவ ஆய்வு என்பது நம் ஊர்களுக்கு அயலானதன்று. ஆய்வுக்கு உட்படும் பெண் கையொப்பமிடும் முன்பே, அறநெறிக் குழு என்னும் ஒரு குழு அதற்கு உடன்பட்டிருக்கும். அவ்வுடன்பாட்டின் பாரம் எத்தகையது? விலங்குச் சோதனை பற்றி நம்மவர் நிறையப் பேசியாயிற்று; மனிதரைப் பற்றியதே இங்கு நம் கேள்வி.

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய பேராய்வு ஒன்று தொடங்கிற்று. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்படலம் தோன்றுகிறதா என்று செவிலியர் கண்ணால் காணும் எளிய சோதனை அது. 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் அச்சோதனைக்குரிய பிரிவில் வைக்கப்பட்டனர். 30,958 பெண்கள் ஒப்பீட்டுப் பிரிவினர். அவர்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. 2007இல் முடிவு வெளிவந்தது: முதற்பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைவு.

அப்படியாயின் மறுபிரிவில் இறந்தோர்? இக்கேள்வி பின்னாளில் கடுமையாகவே எழுப்பப்பட்டது. முன்பும் அவர்களுக்கு அச்சோதனை கிட்டியதில்லை, எதுவும் பறிக்கப்படவில்லை என்பது ஒரு விடை. 2016இல் நடுவண் அரசு இச்சோதனையை நாடு முழுமைக்கும் வகுத்ததற்கு இத்தகைய ஆய்வுகளே துணை நின்றன என்பதும் மெய். ஆயினும், கவனமின்மையால் உயிர்க்கு நேரும் கேட்டையும் இம்சை என்றே நம் ஆசாரியர் வகுத்தனர். நாம் அக்குழுவில் இருந்திருப்பின் ஆய்வை மறுத்திருக்க மாட்டோம். ஒப்பீட்டுப் பிரிவினர்க்கு அச்சோதனை எந்நாளில், யாரால் செய்யப்படும் என்று எழுத்தில் காணாமல் ஒப்பமும் இட்டிருக்க மாட்டோம்.

புதிய மருந்துச் சோதனைகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும். பாதிப்பேராவது அந்நிறுவனத்தைச் சாராதோர். பொதுமக்களில் ஒருவரும் பெண் ஒருவரும் கட்டாயம். சமயநூல் வல்லாரும் அமரலாம். ‘பாவம் நமக்கேன்’ என்று நம்மவர் ஒதுங்கினால் அவ்விருக்கை வேறொருவர்க்குப் போகும். அவர் கேட்பார் என்பது என்ன உறுதி?

அங்கே பெரும்படிப்பு வேண்டியதில்லை. ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்று ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டிருந்தால் பாகூர்ப் பெண்ணுக்கு என்ன விளங்கும்? ‘சீட்டுக் குலுக்கிப் பிரிப்போம், உங்களுக்குச் சோதனை கிடைக்காமலும் போகலாம்’ என்று திருத்தி எழுதச் சொல்ல, முன்னாள் ஆசிரியர் ஒருவர் போதும்.