விலை கொடுத்தும் கொடுக்கப்படாதது

பிறர் பொருளைக் கேளாமல் எடுப்பது களவு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் பணம் கொடுத்து, ரசீதும் பெற்று, பட்டப்பகலில் வாங்கிய ஒன்று களவின்பாற்படுமோ என்னும் ஐயம் நம் சங்கத்தின் படிப்பகத்திலேயே எழும் என்று நாம் எண்ணியதில்லை. எழுந்தது. அதில் பங்காளிகளும் நாமே ஆதலால், இக்கட்டுரையை உபதேசமாகக் கொள்ளாமல் நம் கணக்கை நாமே ஒப்புவிப்பதாகக் கொள்ள வேண்டுகிறோம்.

நம் இதழை அச்சுக்கு ஒழுங்குசெய்யவும், மாலை வேளைகளில் பிள்ளைகள் தட்டச்சுப் பழகவும் 2024ஆம் ஆண்டு ஒரு பழைய கணினி வாங்கினோம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட இயந்திரம் அது. அதன் வட்டைத் துடைத்துத்தான் கடைக்காரர் கொடுத்தார். வெறும் இயந்திரம் என்ன செய்யும்? நம் இளைஞர் ஒருவர் இணையச் சந்தையில் தேடி, விண்டோஸ் 11 ப்ரோவுக்கும் ஆபீஸ் தொகுப்புக்கும் தலா 399 ரூபாய் கட்டினார். ‘உபயோகித்தது, ஆனால் அசல், ஆயுள் முழுதுக்கும்’ என்று அங்கே எழுதியிருந்ததாம். பெட்டி வரவில்லை, தாள் வரவில்லை. மின்னஞ்சலில் இருபத்தைந்து எழுத்துகள் மட்டும் வந்தன. அவற்றைத் தட்டியதும் கணினி ஒப்புக்கொண்டது. எல்லோரும் மகிழ்ந்தோம்.

மகிழாதவர் ஒருவரே. வாரந்தோறும் படிப்பகத்தைக் கூட்டிப் பெருக்கித் தரும் மூதாட்டி, “உபயோகித்தது என்கிறாயே தம்பி, முன்பு அதை உபயோகித்தவர் யார்? அவர் இப்போது உபயோகிப்பதை விட்டுவிட்டாரா?” என்று கேட்டார். “பணம் கட்டியிருக்கிறோம் பாட்டி. கள்ளச்சாவியாக இருந்தால் கணினி ஏற்றுக்கொள்ளுமா? அந்தக் கம்பெனி உலகத்துப் பணக்காரக் கம்பெனி. நம் நானூறு ரூபாயில் அதற்கு என்ன குறைந்துவிடும்?” என்றார் இளைஞர். அவர் கெட்டவர் அல்லர். அவர் கூறிய மூன்றும் நம் மனத்திலும் இருந்தவையே. ஆயினும் மூதாட்டியின் கேள்விக்கு அம்மூன்றில் ஒன்றும் விடையன்று.

கணினி ஏற்றுக்கொண்டது என்னும் வாதம் நம்மை முப்பது ஆண்டுகளுக்கு முன்னே இழுத்துச் சென்றது. அப்பொழுது நாம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தோம். பண்டிகைக்கு முன் ஆலையில் துண்டுத் துணிகளைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பார்கள். பெயர், டோக்கன் எண், எத்தனை கெஜம், எந்தத் தேதி என்றெல்லாம் எழுதிய கேட் பாஸ் ஒன்றும் உடன் தருவார்கள். வாயிற்காவலர் அந்தப் பாஸை வாங்கி மூலையைக் கிழிக்க வேண்டும். கூட்டம் மிகுந்தால் கிழிக்க மாட்டார், முத்திரையைப் பார்த்துக் கையசைத்து விடுவார். அப்படிக் கிழியாமல் தப்பிய பாஸ் ஒன்றை 1993ஆம் ஆண்டு ஒரு நண்பரிடம் ஐந்து ரூபாய்க்கு வாங்கினோம். துணிக்கட்டோடு வெளியே வந்தோம். முத்திரை அசல். பாஸும் அசல். காவலரும் விட்டார். பொய் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அன்று காட்ட இயலாதவர்களாய் இருந்திருப்போம். மறுவாரம் கணக்கில் துணி குறைந்தது. வாயிற்காவலருக்குப் பத்து நாள் சம்பளம் பிடித்தார்கள். நாம் வாய் திறக்கவில்லை. அத்துணியில் தைத்த சட்டையை நாம் அதிகம் அணியவுமில்லை.

கணினியில் சாவி எண் செய்யும் வேலையும் அந்தக் காவலரின் கையசைப்பு அன்றி வேறில்லை. எழுத்துகள் சரியாக உள்ளனவா, இன்னும் எத்தனை முறை இடம் தரலாம் என்பதை அது பார்க்கும். யாருக்குக் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்பதை அது பார்ப்பதில்லை. வாயில் திறப்பது வேறு, அனுமதி இருப்பது வேறு.

இங்கே மென்பொருளின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பழைய சைக்கிளை விற்றவனிடம் சைக்கிள் இராது. மென்பொருளை விற்றவனிடமோ அதே மென்பொருள் குறையாமல் இருக்கலாம். ஆகவே பழைய மென்பொருள் விற்கிறேன் என்பவன் உண்மையில் விற்பது உரிமம் என்னும் அனுமதியைத்தான். அந்த அனுமதி ஒரே வகையானதன்று. கணினியைச் செய்த நிறுவனமே உள்ளே இட்டு விற்கும் விண்டோஸை ஓ.இ.எம். என்பர். அது அந்த இயந்திரத்தோடு பிறந்து அந்த இயந்திரத்தோடு முடிவது. இயந்திரத்தை விற்றால் உடன் செல்லும், தனியே பெயர்த்து விற்க அதற்கு இடமில்லை. கடையில் தனியாக வாங்கும் விண்டோஸ் வேறு வகை. அதனை முதலில் வாங்கியவர் பிறருக்குக் கைமாற்றலாம் என்று மைக்ரோசாப்டின் ஒப்பந்தமே சொல்கிறது. ஆனால் தம் கணினியிலிருந்து அதை அவர் நீக்கிவிட வேண்டும். பெறுபவர் நிபந்தனைகளை ஏற்க வேண்டும். இரண்டாமவர் மூன்றாமவருக்கு விற்க அந்த வாசகத்தில் வழியில்லை. மூன்றாவது, வால்யூம் எனப்படும் மொத்த உரிமம். பள்ளியோ ஆலையோ அலுவலகமோ தன் நூறு இருநூறு கணினிகளுக்கென ஒரே சாவியை வாங்கி வைத்திருக்கும். மிக மலிவாக இணையத்தில் திரியும் சாவிகள் பல இந்த மொத்தச் சாவியிலிருந்து கசிந்தவை.

நம்முடையது எந்த வகை? விண்டோஸின் கட்டளைப் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்னும் ஐந்து எழுத்துகளை இட்டு, இடைவெளி விட்டு, சாய்கோடும் டி, எல், ஐ என்னும் மூன்று எழுத்துகளும் தட்டினால், உரிமம் எவ்வழி வந்தது என்பதை இயந்திரமே சொல்லிவிடும். இளைஞர்தாம் தட்டினார். ‘வால்யூம்’ என்று வந்தது. இருபது பேர் கொண்ட நம் சங்கம் எவருடனும் அப்படியோர் ஒப்பந்தம் செய்ததில்லை. பாட்டியின் முகத்தைப் பார்க்க நமக்குக் கூச்சமாக இருந்தது.

விநய பிடகத்தில் ஒரு வரலாறு உண்டு. இராசகிருகத்தில் குயவர் குலத்தில் பிறந்த தனியா என்னும் பிக்கு, குடில் கட்டுவதற்காக அரசனுடைய மரக்கிடங்குக்குச் சென்று, இம்மரத்தை அரசர் எனக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். காவலன் நம்பிக் கொடுத்துவிட்டான். நகரைப் பழுதுபார்க்க வைத்திருந்த மரம் அது. காவலன் கட்டுண்டு இழுத்துச் செல்லப்பட்டான். பிக்கு பிம்பிசாரனிடம் போய், முடிசூடிய நாளில் துறவியர்க்குப் புல்லும் மரமும் நீரும் கொடுத்தேன் என்று தாங்கள் சொல்லவில்லையா என்றார். சொன்னது உண்மையே. ஆனால் காட்டில் எவருக்கும் உரிமையாகாமல் கிடப்பதைக் குறித்துச் சொன்னேன் என்றான் அரசன். பிக்கு சொன்னது முழுப் பொய்யன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கொடை இருந்தது. அதன் எல்லைதான் வேறு. அசல் உரிமம் என்று விற்பவனும் பெரும்பாலும் முழுப் பொய் சொல்வதில்லை. சாவி அசல்தான். அது கொடுக்கப்பட்டது வேறொருவருக்கு, வேறொன்றிற்கு.

இவ்விடத்தில் அறிவுடைய ஒருவர் மறித்துக் கேட்கலாம். எல்லையை விற்பவனே தன் விருப்பப்படி எழுதிக்கொண்டால், வாங்கியவனுக்கு உரிமை என்ன மிஞ்சும்? நியாயமான கேள்வி. நாடுகளும் இதில் ஒன்றுபடவில்லை. அமெரிக்காவில் ஒருவர் ஆட்டோகேட் மென்பொருளின் பழைய வட்டுகளை ஈபேயில் விற்றார். வட்டாரத்து நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, மென்பொருள் விற்கப்படவில்லை, உரிமமாகவே கொடுக்கப்பட்டது, ஆகவே மறுவிற்பனைக்கு உரிமையில்லை என்றது. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம், யூஸ்டுசாப்ட் என்னும் ஜெர்மன் வணிக நிறுவனத்துக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில் எதிர்வழி சென்றது. காலவரையின்றி விலைக்கு விற்றபின் அது விற்பனையே, உரிமம் என்று பெயரிட்டுத் தடுக்க முடியாது என்றது. ஆனால் விற்பவர் தம் பிரதியைப் பயனற்றதாக்க வேண்டும், பலருக்கான உரிமத்தைத் துண்டுபோட்டு விற்கலாகாது என்னும் இரண்டு வரம்புகளை அது விதித்தது. நம் நாட்டில் ஆயத்த மென்பொருளும் விற்பனை வரிக்குரிய சரக்கே என்று உச்சநீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. சரக்கானால் மறுபடி விற்கலாமே என்று நமக்கும் தோன்றியது. வரிக்காகச் சொன்னதை அவ்வளவு தூரம் நீட்டலாகாது போலும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-பி பிரிவில், உரிமை மீறிய மென்பொருளை அறிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ அல்லாத போது நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கவும் இடமுண்டு.

நம்மை நிறுத்தியது சிறையன்று. ‘அறிந்தே’ என்னும் சொல். கொடாததை எடுத்தல் நிறைவேறுவதற்கு ஐந்து உறுப்புகளை உரையாசிரியர்கள் சொல்வர். பொருள் பிறருடையதாய் இருத்தல், பிறருடையது என அறிதல், எடுக்கும் எண்ணம், முயற்சி, எடுத்துவிடுதல். இரண்டாவது உறுப்பைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாம் என்று மனம் சொல்லும். நமக்குத் தெரியாதே! உண்மைதான், நமக்குத் தெரியாது. ஏன் தெரியாது? கடைவிலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத விலையைக் கண்டபோது ஒரு கேள்வி எழுந்தது, அதை நாமே அமுக்கினோம். கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும், விடை கிடைத்திருந்தால் வாங்க முடிந்திராது. பாஸ் வாங்கிய நாளிலும் நண்பரை நாம் ஒன்றும் கேட்கவில்லை. கேளாமை இப்படித் திட்டமிட்டு அமையும்போது அதனை அறியாமை என்று எப்படி அழைப்பது?

மலிவு எல்லாம் களவு என்று நாம் சொல்லவில்லை. பழைய பொருளின்றி ஏழை வீடு நடக்காது. நம் படிப்பகத்து மேசையும் விசிறியும் பழையவையே. மைக்ரோசாப்டின் ஒப்புதல் பெற்றுப் பழைய கணினிகளைப் புதுப்பித்து முறையான உரிமத்தோடு விற்பவரும் உளர். நாம் கேட்க வேண்டியவை சிலவே. முதலில் இதைப் பெற்றவர் யார்? ரசீதைக் காட்டுவாரா? எந்த இயந்திரத்தோடு வந்தது, அந்த இயந்திரமும் வருகிறதா? அவர் தம்மிடத்திலிருந்து நீக்கிவிட்டாரா? நேர்மையாய் விற்பவர் இவற்றுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆயிரம் சாவி கையிருப்பில் உண்டு என்பவரோ, ஒட்டுச்சீட்டை மட்டும் தனியே உரித்து அனுப்புபவரோ, எவருடைய பழைய பொருளையும் விற்கவில்லை.

பணக்காரக் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று இளைஞர் கேட்டதற்கும் விடை சொல்ல வேண்டும். அதற்கு ஒன்றும் குறையாமல் இருக்கலாம். ஆனால் மொத்தச் சாவிக்கு எண்ணிக்கை உண்டு. வெளியார் தட்டித் தட்டி அது தீர்ந்துபோனால், அல்லது கசிந்ததென்று முடக்கப்பட்டால், பணம் கட்டிய பள்ளிக்கூடம் தன் புதிய கணினியில் அச்சாவியை ஏற்கச்செய்ய முடியாமல் நிற்கும். பத்து நாள் சம்பளம் இழந்த காவலரைப் போல் அங்கும் ஒருவர் இருப்பார். நமக்கு அவர் முகம் தெரியாது, அவ்வளவே.

ஆகவே இரண்டையும் நீக்கினோம். விண்டோஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 2012க்குப் பின் வந்த கணினிகள் பலவற்றில் செய்த நிறுவனமே சாவியைத் தாய்ப்பலகைக்குள் பதித்துவிடுகிறதாம். விண்டோஸை மறுபடி முறையாக இட்டதும் நம் இயந்திரம் தன் சாவியைத் தானே எடுத்துக்கொண்டது. உரிமை பெட்டிக்குள்ளேயே இருக்க, நாம் வெளியே 399 ரூபாய் கொடுத்திருக்கிறோம்! ஆபீசுக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. யாவரும் பயன்படுத்தவும் படியெடுக்கவும் பிறர்க்குக் கொடுக்கவும் அனுமதித்தே வெளியிடப்படும் லிப்ரே ஆபீசை இட்டுக்கொண்டோம். வேலைக்குப் போகும் பிள்ளைகளை எக்செல் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள், இது அவர்களுக்கு ஒரு குறைதான். இணையத்தில் இலவசமாக அனுமதிக்கப்பட்ட எக்செல்லில் ஞாயிறுதோறும் பழக்க ஏற்பாடு செய்திருக்கிறோம், சமிக்ஞை கிடைக்கும் நாட்களில்.

798 ரூபாயைத் திருப்பிக் கேட்டு எழுதினோம், விற்றவரிடமிருந்து பதில் இல்லை. இளைஞர் தம் கூலியிலிருந்து கட்டுவதாகச் சொன்னார், சங்கம் ஏற்கவில்லை. பழைய கோப்புகளைப் புதிய மென்பொருளில் திறந்தபோது கட்டங்கள் இடம்பெயர்ந்துவிட்டன. இவ்விதழின் சில பக்கங்களில் வரிகள் கோணியிருப்பதற்குக் காரணம் அதுவே. அடுத்த இதழுக்குள் சீர்செய்துவிடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.